பாலை நிறுத்தச் சொன்னார்கள், பதிலுக்கு என்ன என்று யாரும் சொல்லவில்லை

மகளுக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாது என்பது உறுதியாகி, பகலில் அவள் போகும் குழந்தைகள் காப்பகமும் எங்கள் உறவினர்களும் ஒருவழியாக அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் நாங்கள் பட்ட பாட்டில் பாதி தேவையே இல்லாதது. இப்போதுதான் இதில் இறங்குகிறவர்களுக்கு அந்தப் பாதியாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். முதல் வயதில் தாய்ப்பால் அல்லது ஃபார்முலா, பசும்பாலை முக்கியப் பானமாகக் கொடுப்பது அதற்குப் பிறகு என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

ஒரு வயதை ஒட்டிப் பசும்பால் தொடங்கினோம். கொஞ்ச நாளில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா). மலத்தில் சளி, சில நாள் மெல்லிய ரத்தக் கோடு. முதலில் பார்த்த மருத்துவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "லாக்டோஸ் ஒத்துக்கல, லாக்டோஸ் இல்லாத பால் குடுங்க" என்றார். கொடுத்தோம். ஒன்றும் குறையவில்லை. குறையாது என்பது பின்னால்தான் தெரிந்தது. லாக்டோஸ் நீக்கிய பால் என்பது அதே பசும்பால்தான். லாக்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து அதிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். கேசீன், வே என்ற புரதங்கள் அப்படியே இருக்கும். அலர்ஜி வருவது அந்தப் புரதங்களால். லாக்டோஸ் செரிக்காவிட்டால் வயிறு உப்பும், வாயு சேரும், பேதியாகும். மலத்தில் ரத்தம் வராது. அதுவும் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு லாக்டோஸ் சிக்கல் வந்தால் பெரும்பாலும் வயிற்றுத் தொற்றுக்குப் பிறகு தற்காலிகமாக வருவதுதான், சில வாரங்களில் போய்விடும். பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத குழந்தைகள் மிக அரிது. பெரியவர்களுக்குப் பால் செரிக்காமல் போவதை வைத்துக் குழந்தையையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து ஓர் ஆய்வகத்தில் போய் மாட்டினோம். "ஒரே ரத்தப் பரிசோதனையில் எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிடும்" என்றார்கள். வந்த அறிக்கையில் பால், முட்டை, கோதுமை, வாழைப்பழம் என்று பக்கம் பக்கமாகச் சிவப்பு. அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, இந்தப் பிள்ளைக்கு இனி எதைத்தான் கொடுப்பது என்று. பிறகு பார்த்த குழந்தைகள் அலர்ஜி நிபுணர் அந்தத் தாள்களைத் திறந்துகூடப் பார்க்காமல் ஓரமாக வைத்தார். அது ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கும் சோதனை. ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைக் காட்டுமே தவிர, அலர்ஜியைக் காட்டாது; இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று அலர்ஜி மருத்துவர்களின் சங்கங்களே சொல்கின்றன. யாராவது உங்களுக்கு இதைப் பரிந்துரைத்தால் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஐஜிஇ என்பது வேறு எதிர்ப்பொருள். குடித்த சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று வருவது ஐஜிஇ வகை. அதற்குத் தோல் சோதனையும் ரத்தச் சோதனையும் உதவும். எங்கள் மகளுக்கு இருப்பது மெதுவாக, பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத் தலைகாட்டும் வகை. இதற்கு எந்தச் சோதனையிலும் விடை கிடைக்காது. பாலையும் பால் கலந்த எல்லாவற்றையும் இரண்டிலிருந்து நான்கு வாரம் முழுமையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். சரியானால், மருத்துவர் சொல்படி மறுபடியும் கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி கொடுக்கும்போது தொல்லை திரும்பினால்தான் உறுதி.

இந்த இரண்டாம் பாதியை நிறைய பேர் தவிர்த்துவிடுகிறார்கள். புரிகிறது, நன்றாகத் தூங்கும் குழந்தைக்கு வேண்டுமென்றே வயிற்றுவலி வரவழைக்க எந்தப் பெற்றோருக்கு மனம் வரும்? என் மனைவி மூன்று நாள் தள்ளிப்போட்டாள். ஆனாலும் செய்துவிடுங்கள். செய்யாவிட்டால், தானாகக் குறைந்த கரப்பானுக்கும் பாலை நிறுத்தியதுதான் காரணம் என்று நம்பி, தேவையில்லாமல் வருடக்கணக்கில் ஒரு குழந்தைக்குப் பால் மறுக்கப்படும். ஐஜிஇ வகையாக இருந்தால் மட்டும் இதை வீட்டில் முயலவே கூடாது, மருத்துவமனையில்தான்.

உறுதியானதும் கையில் ஒரு சீட்டு கிடைத்தது: "பால் பொருட்கள் தவிர்க்கவும்." நல்லது, பதிலுக்கு? கேட்டால் "சத்தான உணவாகக் கொடுங்கள்" என்றார்கள். டயட்டீஷியனை (உணவியல் நிபுணரை) பாருங்கள் என்பதைக்கூட நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்த முதல் சந்திப்பும் வீண். எடை, உயரம் பதிந்த அட்டை இல்லை, என்ன சாப்பிடுகிறாள் என்ற குறிப்பு இல்லை, ரத்த அறிக்கை இல்லை என்று வரவேற்பில் இருந்தவரே திருப்பி அனுப்பிவிட்டார். முன்பதிவு செய்தபோது அவர்தான் தொலைபேசியில் பேசியவர். இதையெல்லாம் கொண்டுவாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆகவே நீங்கள் போகும்போது வளர்ச்சி அட்டை, குறைந்தது மூன்று நாள் உணவுக் குறிப்பு (அளவோடு), ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்த அறிக்கை, வீட்டில் கொடுக்கும் டப்பாக்களின் லேபிள் படம், எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இந்த டயட்டீஷியன் அம்மாதான் எங்களுக்குக் கிடைத்த நல்ல காலம். பால் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. பாலில் இருந்து மகளுக்கு என்னவெல்லாம் கிடைத்துக்கொண்டிருந்தது என்று ஒரு தாளில் எழுதினார். 100 மி.லி. பசும்பாலில் ஏறக்குறைய 120 மி.கி. கால்சியம், 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம், கொழுப்பு, பி12, ரைபோஃப்ளேவின் என்ற பி வைட்டமின்கள், அயோடின். இத்தனையும் வேறு வழியில் போய்ச் சேர்ந்தால் பசும்பால் இல்லாமலே குழந்தை நன்றாக வளரும், சேராவிட்டால் வளர்ச்சி தேங்கும் என்றார். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குக் கால்சியம் எவ்வளவு வேண்டும் என்பதில் நாடுகளே ஒத்துப்போவதில்லை: பிரிட்டனில் 350 மி.கி., இந்தியாவில் 500, அமெரிக்காவில் 700. நாங்கள் நடுவில் இருப்பதைப் பிடித்துக்கொண்டோம்.

ரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி, "முன்னாடி ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிச்சா?" இரும்புச்சத்து குறைவாக இருந்தது. பசும்பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். அதிலுள்ள கால்சியமும் கேசீனும் மற்ற உணவில் உள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் குறைக்கும். வயிறு முழுக்கப் பாலே இருந்தால் சோற்றுக்கு இடமும் இராது. அலர்ஜி இல்லாத குழந்தைக்கும் ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்றார். "இன்னும் ஒரு டம்ளர் குடி" என்று பின்னாலேயே ஓடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அப்புறம் மாற்றுகள். இதில்தான் ஆளுக்கொரு யோசனை. உறவினர்களில் பாதிப் பேர் ஆட்டுப்பால் என்றார்கள். பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் ஒத்துக்கொள்ளாது, புரதங்கள் அவ்வளவு நெருங்கிய சொந்தம். ஆட்டுப்பாலில் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் குறைவு. என் மாமியார் இதை நம்பவே இல்லை. நிபுணரிடமே அழைத்துப் போய்க் கேட்க வைத்த பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. நான் சொல்லியிருந்தால் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும்.

பாதாம் பால், ஓட்ஸ் பால், அரிசிப் பால், தேங்காய்ப் பால் என்று டப்பாக்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் வெள்ளையாக இருப்பதால் எல்லாம் பால் ஆகிவிடாது. பாதாம் பானத்தில் பெரும்பங்கு தண்ணீர். புரதம் 100 மி.லி.க்கு அரை கிராம் அளவுதான். 2001-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் பதிவு செய்த சம்பவம் ஒன்றை டயட்டீஷியன் சொன்னார்: அரிசிப் பானத்தையே முக்கிய உணவாகக் குடித்த குழந்தைக்குக் கடும் புரதக் குறைபாட்டு நோயான குவாஷியோர்கர் வந்திருக்கிறது. பஞ்சத்தால் வந்தது இல்லை, வசதியுள்ள நாட்டில் பாலுக்குப் பதில் என்று நம்பிக் கொடுத்ததால் வந்தது. அரிசிப் பானத்தில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருளின் சிக்கலும் உண்டு. ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் அறிவுரை. தாவரப் பானங்களில் புரதத்தில் பசும்பாலுக்குக் கிட்டே வருவது சத்துச் சேர்த்த சோயா. 2019-இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவர், இதயநல, உணவியல், குழந்தைப் பல் மருத்துவ அமைப்புகள் நான்கும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும், ஐந்து வயதுக்குள் பாலுக்கு நேர்ப் பதிலாக வைக்கத்தக்கது அதுதான் என்கிறது.

ஆனால் சோயாவும் சில பால் அலர்ஜிக் குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் வேறெதையும் புதிதாகச் சேர்க்காத ஒரு வாரத்தில் தனியாகத் தொடங்கினோம். மகளுக்குப் பிரச்சினை இல்லை, அப்பாடா. இல்லாவிட்டால் புரதத்தை நுணுக்கமாக உடைத்த சிறப்பு ஃபார்முலாவைத் தொடங்க வேண்டியிருந்திருக்கும். அதன் கசப்பை ஒரு வயதுக் குழந்தைக்குப் பழக்குவது தனிப் போராட்டம் என்கிறார்கள்.

டப்பா வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 100 மி.லி.க்குக் கால்சியம் 120 மி.கி. சுற்றி இருக்க வேண்டும், சர்க்கரை சேர்க்காததாக இருக்க வேண்டும், பி12, வைட்டமின் டி சேர்த்திருக்க வேண்டும், அயோடின் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்கானிக் என்று போட்டவற்றில் பலவற்றில் சத்து எதுவுமே சேர்த்திருக்க மாட்டார்கள், பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும், ஊற்றும் முன் நன்றாகக் குலுக்குங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. காலி டப்பாவைக் கழுவும்போது அடியில் வெள்ளை மாவு போல இருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பானத்தையே நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. கால்சியம் உப்பால் உறையவைத்த டோஃபு (சோயா பன்னீர்), முள்ளோடு மசித்த சின்ன மீன், அரைத்த எள், சில கீரைகள் எல்லாம் கணக்கில் சேரும். பசலைக்கீரையில் கால்சியம் நிறைய இருந்தாலும் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் உடலுக்குச் சேர்வது மிகக் கொஞ்சம். வைட்டமின் டி-க்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

இனி காப்பகம். உணவு மாற்றத்துக்கு அங்கே ஒரு படிவம். நிபுணரின் கடிதத்தில் தெளிவாகப் "பசும்பால் புரத ஒவ்வாமை" என்றிருந்தது. படிவத்திலோ பாலுக்கென்று இருந்த ஒரே கட்டம் "லாக்டோஸ் ஒவ்வாதவர்". அலுவலகத்தில் இருந்தவர் அதில் டிக் அடித்தார். இது வேறு, அது வேறு என்றேன். "ரெண்டும் பால்தானே சார், எங்க சிஸ்டத்துல இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டார், சமையலறைக்குப் போனது டிக் மட்டும். அந்த வாரமே மகளுக்கு லாக்டோஸ் நீக்கிய தயிர் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் கரப்பான் திரும்பியது, இரவெல்லாம் அழுகை.

மறுபடி போனபோது அந்த மேசைக்கே போகவில்லை. நேராகச் சமையலறைப் பொறுப்பாளர் அக்காவைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: பால், தயிர், வெண்ணெய், நெய், சீஸ் கூடாது, லாக்டோஸ் நீக்கியதும் கூடாது, லேபிளில் கேசீன், கேசினேட், வே, பால் திடப்பொருள், லாக்டால்புமின் என்று இருந்தால் கூடாது, கொடுக்கலாம் என்பவை இவை. அவர் ஒருமுறை படித்துவிட்டு, "ரொட்டியிலயும் பால் பவுடர் இருக்குமே தம்பி, அதையும் பாத்துக்கறேன்" என்றார். எனக்கே தோன்றாதது. அந்தத் தாள் இன்றும் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. படிவத்தில் கட்டம் எப்படி இருந்தாலும், சமைக்கிறவர் கைக்கு ஒரு தாள் போய்ச் சேர வேண்டும்.

இப்போது மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், எடை வளர்ச்சி அட்டையின் கோட்டில் இருக்கிறது, ஃபெரிட்டின் ஏறியிருக்கிறது. இந்த அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வருடங்களில் தானாகப் போய்விடும். அதனால் நிபுணரின் மேற்பார்வையில் படிப்படியாகப் பாலைத் திரும்பப் பழக்குகிறோம். நன்றாகச் சுட்டெடுத்த பிஸ்கட்டில் கலந்த துளிப் பாலில் தொடங்கும். அதிக நேரம் சூடுபட்டால் புரதத்தின் வடிவம் மாறி, பல குழந்தைகளுக்கு அது தாங்கும். கடைசிப் படியில்தான் டம்ளர் பால். பிஸ்கட் படியைத் தாண்டிவிட்டாள்.

அதைக் காப்பகத்தில் சொன்னதும் அதே அலுவலர், பிஸ்கட் சாப்பிடலாம் என்பதற்கு மருத்துவர் கடிதம் வேண்டும் என்றார். நிபுணரைப் பார்க்க அடுத்த இடம் ஆறு வாரம் கழித்துத்தான் இருக்கிறது. அதனால், முதல் கடிதம் வாங்கும்போதே "மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகப் பால் சேர்த்த உணவைப் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.