ஆவாரம்பூ நடத்திய பாடம்

கொல்லையில் தும்பை முளைத்தாலே களை என்று பிடுங்கிப் போட்டவள் நான். இப்போது அதற்குப் பாத்தி கட்டுகிறேன். காலை 7 மணிக்கெல்லாம் நீலப்பட்டைத் தேனீ வந்துவிடும். எந்தப் பூவிலும் நிலையாக உட்காராது.

எனக்குப் பாடம் நடத்தியது ஆவாரைதான். அதன் மகரந்தப் பை முழுதாக வெடிக்காது, நுனியில் சின்னத் துளைதான். கருவண்டு போலிருக்கும் தச்சுத் தேனீ பூவை இறுகப் பிடித்து உடம்பையே அதிரவைக்கும். ரீங்காரம் கேட்ட மறுகணம் மஞ்சள் தூள் அதன் வயிற்றில் கொட்டியிருக்கும். அதைக் கிட்டத்தில் பார்த்த அன்றோடு பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அப்புறம் கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். பாதிச் செடி மொட்டை. சரி, தின்னட்டும். ரசத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு கொத்து வாங்கிக்கொள்கிறேன்.