மூன்று குண்டுகளும் ஓர் ஓய்வூதியமும்

ஏப்ரல் 2

1914-இல் இதே நாளில்தான் அயர்லாந்தின் டப்ளினில், வின்ஸ் ஹோட்டலில் பெண்கள் கூடி 'குமன் ந மன்' என்ற குடியரசுவாதப் பெண்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். நிதி திரட்டுவது, முதலுதவி பழகுவது என்று ஆரம்பித்த வேலை, இரண்டே வருடத்தில் ஈஸ்டர் எழுச்சியில், அதாவது பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஆயுதக் கிளர்ச்சியில், போய் நின்றது. ஐரிஷ் குடியரசு இயக்கம் என்றதும் எழுச்சியின் தலைவர்களான பாட்ரிக் பியர்ஸும் ஜேம்ஸ் கானலியும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். இந்த மாதம் முழுக்க இந்தப் பெண்களைப் பற்றித்தான் படிக்கப்போகிறேன்.

ஏப்ரல் 24

எழுச்சி தொடங்கிய நாள். சிட்டி ஹாலைப் பிடித்த குழுவின் தலைவர் ஷான் கானலி அன்றே சுடப்பட்டு இறந்தார். அங்கிருந்த மூத்த அதிகாரி டாக்டர் கேத்லீன் லின். பிறகு அந்தக் குழு சரணடைந்தபோது முன்னால் நின்றதும் அவர்தான். 1919-இல் இதே லின், ஏழைக் குழந்தைகளுக்காக செயின்ட் அல்டன்ஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்.

ஏப்ரல் 29

எழுச்சியின் தலைமையகமாக இருந்த தலைமைத் தபால் நிலையம் எரிந்ததால், தலைவர்கள் மூர் தெரு வீடுகளின் சுவர்களைத் துளைத்துக்கொண்டே நகர்ந்தார்கள். சரணடைவதுதான் வழி என்று ஆனதும் வெள்ளைக் கொடியோடு தெருவில் இறங்கியவர், எல்லோரும் நர்ஸ் என்று அழைத்த எலிசபெத் ஓ'ஃபாரல். பிரிட்டிஷ் படையினர் அவரை உளவாளி என்று சந்தேகித்து, சட்டைக் கையிலிருந்த செஞ்சிலுவையை வெட்டி எடுத்தார்கள். சோதித்ததில் கிடைத்தவை கத்திரிக்கோல், மிட்டாய், ரொட்டி, கேக்.

நிபந்தனையே கூடாது என்றார் பிரிட்டிஷ் தரப்பின் ஜெனரல் லோ. அதைப் பியர்ஸிடம் கொண்டுபோய்ச் சொல்லிவிட்டு, கடைசியில் அவரோடு சேர்ந்தே வந்தார் எலிசபெத். அப்போது எடுத்த படத்தில் பியர்ஸுக்குப் பின்னால் எலிசபெத்தின் பாவாடை ஓரமும் காலணிகளும் மட்டும் தெரிகின்றன. அச்சில் வந்த சில பிரதிகளில் அதையும் அழித்துவிட்டார்கள். என்னால் இதைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. துப்பாக்கிச் சூடு முழுசாக ஓயாத ஊரில், மறுநாளும் சரணடையும் ஆணையைச் சுமந்து ஒவ்வொரு முகாமாகப் போனவர் அவர். போலண்ட்ஸ் முகாமில் டி வலேரா முதலில் அந்தத் தாளை நம்பவே இல்லை. தன் படையில் பெண்களைச் சேர்க்க மறுத்த தளபதி அவர்!

மே 4

மார்கரெட் ஸ்கின்னிடர். ஸ்காட்லாந்தில் கணித ஆசிரியை. 1915 கிறிஸ்துமஸ் சமயத்தில் வெடிகுண்டுகளுக்கான டெட்டனேட்டர்களைத் தொப்பிக்குள் மறைத்து டப்ளினுக்குக் கப்பலில் கொண்டுவந்தவர். எழுச்சியில் குறிபார்த்துச் சுடும் வீரர். ஹார்கோர்ட் தெருவில் ஒரு குழுவை நடத்திப் போனபோது மூன்று குண்டுகள் பாய்ந்தன. பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார்.

ஐரிஷ் சுதந்திர அரசு வந்த பிறகு, 1925-இல் ராணுவ ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தார். சட்டத்தில் 'படைவீரர்' என்றால் ஆண்தான் என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். மூன்று குண்டு வாங்கியவருக்கு! அப்புறம் 1938-இல்தான் கிடைத்தது. அதற்குள் டப்ளினில் ஆசிரியையாகி, ஆசிரியர் சங்கத்தில் பெண்களுக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார். 1956-இல் அந்தச் சங்கத்துக்கே தலைவரானார்.

அடுத்து, 1980-இல் வட அயர்லாந்தின் ஆர்மா சிறையில் உண்ணாவிரதம் இருந்த மூன்று பெண்களைப் பற்றிப் படிக்க வேண்டும்.