இணைத்த முறை செல்லாது

எங்கட பேப்பர்த் தலைப்புக்கு ஐயா பென்சிலால எழுதின மூண்டு சொல்லு இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. "இணைத்த முறை செல்லாது". நான் அதை வெட்டிப்போட்டு "வடக்கு கிழக்கு பிரிப்பு" எண்டே விட்டனான்.

2006 ஒக்டோபர் 16. வடக்கு கிழக்கு மாகாணங்களை இணைச்சதுக்கு எதிரான வழக்கில உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள். யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை பூட்டி ரெண்டு மாசம், தாள் இல்லாமல் பக்கத்தைக் குறைச்சு அடிச்ச காலம், அண்டைக்கெண்டு ஹபரணைப் பக்கம் கடற்படை பஸ்களுக்குக் குண்டும் வெடிச்சு முன்பக்கத்துக்கு ரெண்டு செய்தியும் அடிபட, ஊரடங்குக்கு முதல் ஐயா சைக்கிள் எடுக்கோணும். நீதிமன்றத்தில, எங்கட பேச்சில கோட்டில, முதலியார் உத்தியோகம் பாத்து பென்சன் எடுத்தபிறகு எங்களிட்டப் புரூவ் பாக்க வந்த மனுசன்.

"தம்பி, கோடு பிரிக்கேல்லை. இணைச்ச விதம் பிழை எண்டுதான் சொல்லுது. கலியாணப் பதிவுகாரருக்கு அதிகாரம் இல்லாட்டி அந்த எழுத்துத்தான் செல்லாது. மாப்பிளையும் பொம்பிளையும் திரும்ப எழுதலாம்தானே?"

அவர் சொன்னது சரிதான். 1987 மாகாணசபைச் சட்டத்தில, ஜனாதிபதி ரெண்டு மாகாணத்தை இணைக்கோணுமெண்டால் ஆயுதம் கையளிச்சு சண்டை நிண்டிருக்கோணும் எண்டு கிடக்கு. 1988இல ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன அவசரகால விதியால அந்த நிபந்தனையை மாத்திப்போட்டு இணைச்சவர். அதுக்கு அந்த விதியைப் பாவிக்கேலாது எண்டுதான் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில ஐஞ்சு நீதியரசர்மாரும் சொன்னவை. நாடாளுமன்றம் சட்டம் போட்டு இணைக்கிற வழி அரசியலமைப்பின்ர 13ஆம் திருத்தத்தில அப்பிடியே கிடக்கு, அதை ஒருத்தரும் தொடேல்லை.

நான் சொன்னன், "ஐயா, சனத்துக்கு விளங்கோணும், இடமும் இல்லை." அவர் ஒண்டும் பேசேல்லை. பென்சிலைக் காதில செருகிக்கொண்டு இறங்கிப் போட்டார்.

என்னில பிழை இல்லை எண்டும் சொல்லலாம். 2007 ஜனவரி 1இல இருந்து ரெண்டு நிர்வாகம், 2008 மேயில கிழக்குக்குத் தனியத் தேர்தல், இதைப் பிரிப்பு எண்டாமல் வேற என்னெண்டு சொல்லுறது? பேப்பர்க்காரன் நடந்ததைத்தானே எழுதோணும், நடக்கக்கூடியதை இல்லையே. ஐயா கோட்டில நிண்ட ஆள், அவருக்கு வாசகம் பெரிசு. எனக்கு விடிய கடையில தொங்கிற பேப்பர் பெரிசு.

ஆனா 2016இல புது அரசியலமைப்புக் கதை ஓடேக்க எங்கட பொடியன் ஒருத்தன் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தான். அதில "வடக்கு கிழக்கு இணையக் கூடாது என்று உயர் நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பளித்துள்ளது" எண்டு ஒரு வரி. எங்க எடுத்தனி எண்டு கேட்டன். "இதிலதான் கிடக்கு அண்ணை" எண்டு பழைய பைலைத் தூக்கிக்கொண்டு வந்து விரிச்சான், மஞ்சளாப் போன என்ர தலைப்பு. தெற்கில ஒருத்தர் "கோடே பிரிச்சுப்போட்டுது, இனி என்ன கதை" எண்டு சொன்னால் அது அரசியல். எங்கட பொடியன் சொன்னதுக்கு என்ன பேர் வைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒரு தலைப்பு இவ்வளவு செய்யுமோ எண்டும் யோசிக்கிறன், அண்டைக்கு எங்க பாத்தாலும் பிரிப்பு எண்டுதானே கதை, நானே என்னைப் பெரிசாக்கிறனோ தெரியாது.

அந்த வரியை வெட்டினன். ஏன் எண்டு அவனுக்குச் சொல்லேல்லை.

அண்டைக்கு இரவு ஒரு விசர் வேலை பாத்தன், ரெண்டு தலைப்பையும் எழுத்தெழுத்தா எண்ணினன். என்ர 12. ஐயான்ர 10. இடமில்லை எண்டெல்லோ சொன்னனான்.

2018 டிசெம்பர் 13, ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைச்சதுக்கு எதிரா, தமிழ்க் கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயாவும் போட்ட வழக்கில ஏழு நீதியரசர்மார் தீர்ப்புச் சொல்லுகினம். செய்தி வந்து ரெண்டு நிமிசத்தில அதே பொடியன் தலைப்பை அடிச்சுக் கொண்டுவந்தான்: "நாடாளுமன்றக் கலைப்பு செல்லாது". நான் பென்சில் எடுக்கேல்லை. சனத்துக்கு விளங்குமோ எண்டு அண்டைக்கு ஒருத்தரும் கேக்கவும் இல்லை.