திரையை மறைத்துவிட்டு ஆப்பைச் சோதியுங்கள்

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள். அதைக் கொண்டு ஆப்பைச் சோதிக்கக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர் என்ற தானியங்கிச் சோதனை ஆப்பில்தான் தொடங்குகிறார்கள். தவறில்லை. லேபிள் இல்லாத பட்டன், 48 டிபி-க்குக் (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) குறைந்த தொடுபரப்பு, மங்கலான எழுத்து எல்லாம் அதில் சிக்கும். ஆனால் ‘அனுப்பு’ பட்டனுக்கு ‘ஐகான் 3’ என்று பெயர் வைத்திருந்தால் ஸ்கேனருக்கு அது தெரியாது. அந்தப் பெயரை நம்பி ஒருவர் பணம் அனுப்ப முடியுமா என்பது காதால் கேட்டால்தான் புரியும்.

முதலில் சைகைகள் கைக்கு வரவேண்டும். ஆண்ட்ராய்டின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கின் அமைப்புகளுக்குள் உள்ள பயிற்சியை முழுவதும் முடியுங்கள். ஒற்றை விரலால் வலப்பக்கம் தேய்த்தால் அடுத்தது, இடப்பக்கம் தேய்த்தால் முந்தையது, இருமுறை தட்டினால் தேர்வு. விரலால் தடவித் தேடுவது மட்டும் போதாது. தேய்த்துக்கொண்டே போனால்தான் வாசிப்பு வரிசை குழம்பியிருப்பது தெரியும். ஐபோனில் அதன் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரோடு, இரு விரலைத் திருகி எதை விட்டு எதற்குத் தாவுவது என்று தேர்ந்தெடுக்கும் ரோட்டரையும் பழகுங்கள்; தலைப்பு விட்டுத் தலைப்பு தாவ அதுதான் வழி.

பார்வையுள்ளவர்கள் திரையை மறைத்தே ஆகவேண்டும். காது தவறவிட்டதைக் கண் தானாக நிரப்பிவிடும், பிழை தெரியாமலே போகும். வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று முறை தட்டினால் திரை கறுத்துவிடும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதி இருக்கிறது.

அடுத்து, பக்கம் பக்கமாகச் சோதிக்காமல் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யுங்கள். பணப் பரிமாற்ற ஆப் என்றால் உள்நுழைவதிலிருந்து ரசீது வரும் வரை. வேண்டுமென்றே இருப்பைவிடக் கூடுதல் தொகை போட்டு ‘அனுப்பு’ அழுத்துங்கள். ‘போதிய இருப்பு இல்லை’ என்று பெட்டிக்குக் கீழே சிவப்பில் வரும், ஸ்கிரீன் ரீடர் வாய் திறக்காது. கேட்பவர் பட்டன் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவார். ஃபோகஸ், அதாவது ஸ்கிரீன் ரீடர் இப்போது நிற்கும் இடம், பட்டனிலேயே இருக்கிறது; புதிதாக வந்த எழுத்து லைவ் ரீஜனாக, அதாவது மாறியதும் தானாக வாசிக்கப்படும் பகுதியாக, குறிக்கப்படவில்லை என்பதுதான் காரணம். இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டு நெறியான டபிள்யூசிஏஜி 2.1-இல் இதற்கான விதி 4.1.3. இதே லைவ் ரீஜனை ஓடிபி கவுன்ட்டவுனுக்குப் போட்டுவிட்டால் எதிர்மாறான தொல்லை: நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டே இருக்கும், வேறு எதையும் கேட்க முடியாது.

டயலாக் (பக்கத்தின் மேல் எழும் சிறு பெட்டி) திறந்ததும் ஃபோகஸ் அதற்குள் வருகிறதா, பின்னால் இருக்கும் பக்கத்திலேயே அலைகிறதா என்று பாருங்கள். பட்டியல் புதுப்பிக்கும்போது ஃபோகஸ் மேலே தாவினால், ஃபோகஸ் இருந்த வரிசையையே ஆப் அழித்துப் புதிதாக வரைகிறது என்று பொருள். ஆப் சொந்தமாக வரைந்த ‘பின்’ (PIN) எண் பலகைகளில் விசைகள் தனித்தனியாகக் கிடைக்காமல் ஒரே படமாக நிற்பதும் உண்டு.

லேபிளிலேயே ‘பட்டன்’ என்று எழுதினால் ‘அனுப்பு பட்டன், பட்டன்’ என்று இரட்டிப்பாகக் கேட்கும். தமிழ் இடைமுகம் என்றால் தமிழ்க் குரலை நிறுவியும், ஆங்கிலக் குரலை மட்டும் வைத்தும் இருமுறை கேளுங்கள். உரைக்கு மொழி குறிக்காத இடங்களில் தமிழ் வரிகள் சிதைந்தோ விடுபட்டோ போகலாம்.

கேஒய்சி எனும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புப் பகுதியைத் தள்ளிப்போடாதீர்கள். கண் சிமிட்டச் சொல்லும் செல்ஃபி சோதனை பலரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது இந்தக் கேஒய்சி சிக்கல் பற்றிய வழக்கில்தான். டெவலப்பர் குழு ‘பிறகு பார்க்கலாம்’ என்றால் அதை எடுத்துக்காட்டுங்கள்.

பக் (பிழை அறிக்கை) பதியும்போது போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, டாக்பேக் பதிப்பு, செய்த சைகை, கேட்ட சொற்கள், கேட்டிருக்க வேண்டிய சொற்கள் எல்லாம் வேண்டும். டாக்பேக்கின் டெவலப்பர் அமைப்புகளில் பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதியை இயக்கி, மறைத்த திரையைத் திரும்பக் கொண்டுவந்து, அதே படிகளை வீடியோவாகப் பதிந்து இணைத்தால் டாக்பேக் பழகாத டெவலப்பருக்கும் பிழை உடனே விளங்கும்.