ஸ்க்வொடோவ்ஸ்கி: ஓர் அரிய போலந்துக் குடும்பப்பெயரின் ஊரையும் பரவலையும் தேடிப் பார்த்தது

மேரி கியூரியின் பிறந்த வீட்டுப் பெயர் ஸ்க்வொடோவ்ஸ்கா. அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு அதே பெயர் ஸ்க்வொடோவ்ஸ்கி. தமிழில் பெரும்பாலும் 'ஸ்க்லோடோவ்ஸ்கா' என்று எழுதுகிறோம். போலந்து எழுத்தில் அங்கே இருப்பது குறுக்குக்கோடு போட்ட எல், ஒலிப்பது வகரம் போல. இந்தப் பெயர் எங்கே முளைத்தது, இன்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்ற தேடலில் இதுவரை முடிந்த கட்டங்களும், இடறிய இடங்களும், அதற்கான காரணங்களும் இங்கே. 'ஸ்கி'யில் முடியும் வேறொரு பெயரை எடுத்தாலும் வழி ஏறக்குறைய இதேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைய வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு போலந்துப் பெயரின் சொந்த ஊரைப் பிடிக்க முடியாது. 1945க்குப் பிறகு நடந்த குடிபெயர்வு அந்த வரைபடத்தின் மேல் தடிமனாகப் படிந்திருக்கிறது. அதை உரித்துவிட்டுத்தான் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை எடுப்பது

போலந்தின் மக்கள் பதிவேட்டுக்கு பெசெல் என்று பெயர். அதிலிருந்து குடும்பப்பெயர்ப் பட்டியலை அரசு ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடுகிறது. ஆண்களுக்கு ஒரு கோப்பு, பெண்களுக்கு ஒரு கோப்பு. முதல் இடறலே இங்கேதான். 'ஸ்கி' வடிவத்தை ஆண்கள் கோப்பில் மட்டும் தேடினால் கிடைப்பது பாதி எண்ணிக்கை. 'ஸ்கா' வடிவத்தைப் பெண்கள் கோப்பில் தேடி இரண்டையும் கூட்ட வேண்டும். நோவாக் போன்ற பெயர் இருபாலருக்கும் ஒன்றே என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. கணவர் பெயரோடு ஹைபன் போட்டுச் சேர்த்துக்கொண்ட பெண்களின் இரட்டைப் பெயர்களையும் தனியே தேடிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது இடறல் அந்தக் குறுக்குக்கோடு எல். சாதாரண எல் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது, அல்லது வெளிநாட்டில் எழுத்து மாறி மறுபடி போலந்துக்கு வந்து பதிவான ஓரிருவர் மட்டும் வருவார்கள். கணினியில் போலிஷ் புரோகிராமர் விசைப்பலகையை இயக்கிவிட்டு வலப்பக்க ஆல்ட் விசையோடு எல் அழுத்தினால் சரியான எழுத்து விழும். விசைப்பலகையை மாற்ற விருப்பமில்லாதவர்கள் அந்த எழுத்தைக் கோப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டலாம்.

நோவாக் பெயரைச் சுமந்தவர்கள் போலந்தில் சுமார் 2 லட்சம் பேர். ஸ்க்வொடோவ்ஸ்கி அதன் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவே இல்லை. ஆராய்ச்சிக்கு இது வசதிதான். நோவாக் எங்கும் இருப்பதால் எதையும் காட்டாது. அரிய பெயர்தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பரவலை வரைவது

எண்ணிக்கையை விட இடம் முக்கியம். இதற்கு இன்றும் விஞ்ச முடியாத கருவி, கசிமியெஷ் ரிமுட் தொகுத்து 1992 முதல் 1994 வரை 10 தொகுதிகளாக வந்த குடும்பப்பெயர் அகராதி. 1990 வாக்கிலான மக்கள் பதிவேட்டுத் தரவை வைத்து, ஒவ்வொரு பெயரும் எந்த மாகாணத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அது சொல்லும். அந்தக் கணக்கு 1975 முதல் 1998 வரை இருந்த 49 சிறு மாகாணங்களின்படி போட்டது. பழைய தரவுதானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. இன்றைய போலந்தில் 16 பெரிய மாகாணங்கள்தான். ஓர் அரிய பெயருக்கு 16 பெட்டி போதாது, 49 பெட்டி போதும்.

நம் பெயரையே பாருங்கள். இதன் மூல ஊர் வட்டாரம் வார்சாவுக்கு வடகிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. இன்று அதன் மேற்குப் பகுதி ஓஸ்த்ரூவ் மசோவியெட்ஸ்கா மாவட்டம், மசோவியா மாகாணம். கிழக்குப் பகுதி விசோகியே மசோவியெட்ஸ்கியே மாவட்டம், பொத்லாசியா மாகாணம். மசோவியா மாகாணத்துக்குள்ளேயே வார்சாவும் இருக்கிறது. ஆக 16 மாகாண வரைபடத்தில் இரண்டு கெடுதல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன: மூல வட்டாரம் எல்லைக்கோட்டால் இரண்டாக வெட்டுப்படுகிறது, அதில் ஒரு பாதி தலைநகரின் கூட்டத்தில் கரைந்துபோகிறது. பழைய பிரிவில் இதே வட்டாரம் வார்சாவோடு சேராத சிறு மாகாணப் பகுதியில் இருந்தது. வார்சா தனி மாகாணம். கலப்பு இல்லை.

அடுத்த நிலை மாவட்டம். இன்று 380 மாவட்டங்கள், அவற்றில் 66 மாவட்ட உரிமை பெற்ற நகரங்கள். மாவட்ட வாரியான எண்ணிக்கை கிடைத்தால் அதை அப்படியே வரையாதீர்கள். மக்கள்தொகையால் வகுத்து, 1 லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிய பிறகே வரைய வேண்டும். விளக்கத்துக்காக எடுத்த எண்கள் இவை: 70,000 பேர் உள்ள மாவட்டத்தில் 140 பேர் என்றால் லட்சத்துக்கு 200. 18 லட்சம் பேர் உள்ள நகரத்தில் 180 பேர் என்றால் லட்சத்துக்கு 10. வெறும் எண்ணிக்கையில் நகரம் முந்தும், அடர்த்தியில் கிராமம் இருபது மடங்கு மேலே நிற்கும். வேர் இருப்பது அடர்த்தியில்தான்.

வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் போதும். மாவட்ட எல்லைக் கோப்பைப் போலந்து நில அளவைத் துறை இலவசமாகத் தருகிறது. எக்செல் தாளில் மாவட்டத்தின் பெயரை மட்டும் வைத்து இணைக்கப் பார்த்தால் குழம்பும், ஒரே பெயரில் இரண்டு மாவட்டங்கள் உண்டு. நிர்வாகக் குறியீட்டு எண்ணை வைத்து இணைக்க வேண்டும். அந்த எண் பூஜ்யத்தில் தொடங்கினால் எக்செல் பூஜ்யத்தைத் தின்றுவிடும். நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

1945 அடுக்கை உரிப்பது

போர் முடிந்ததும் போலந்தின் எல்லை மேற்கே நகர்ந்தது. கிழக்கே இழந்த நிலத்திலிருந்து வந்தவர்களும், நடுப் போலந்தில் நிலம் போதாதவர்களும், ஜெர்மானியர் வெளியேறிய விரோட்ஸ்வாவ், ஷ்செட்சின், ஓல்ஷ்டின் பக்கங்களில் குடியேறினார்கள். அதனால் அந்தப் பகுதிகளில் எந்தப் பெயர் திரளாகத் தெரிந்தாலும் முதல் அனுமானம் 'வந்தவர்கள்' என்பதாகவே இருக்க வேண்டும். மசோவியாவிலிருந்து நிலம் தேடிப் போனவர்களுக்கு மிக அருகில் இருந்தது வடக்கே ஒட்டியுள்ள மசூரியா. மசோவியப் பெயரொன்று ஓல்ஷ்டின் பக்கம் திரண்டிருந்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போனது போல, பெரும்பாலும் ஒரு தலைமுறைப் பயணம்.

தென்கிழக்கு மலைப் பகுதியின் லெம்கோ, உக்ரைனியப் பெயர்களுக்கு இந்த அடுக்கு இன்னும் கொடூரமானது. 1947இல் விஸ்துலா நடவடிக்கையில் சுமார் 1,40,000 பேரை வலுக்கட்டாயமாக வடக்கிலும் மேற்கிலும் சிதறடித்தார்கள். அத்தகைய பெயரின் இன்றைய வரைபடத்தில் சொந்த ஊர் காலியாகவே தெரியும். அதைப் பார்த்துவிட்டு 'இந்தப் பெயர் ஷ்செட்சின் பக்கத்துப் பெயர்' என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தையே அழித்துவிடும் பிழை அது.

ஊர்

மேற்கையும் வடக்கையும் ஒதுக்கி, வார்சாவையும் ஒதுக்கிய பின் நாம் தேட வேண்டிய இடம் ஸரெம்பி கொஷ்ச்செல்னே என்ற பங்கின், அதாவது கத்தோலிக்கத் தேவாலய வட்டாரத்தின், சுற்றுப்புறம். ஸ்க்வொடி என்று தொடங்கும் சிற்றூர்கள் அங்கே இன்றும் இருக்கின்றன: ஸ்க்வொடி-பியோத்ரோவிட்ஸே, ஸ்க்வொடி-ஸ்தாஹி. முன்பாதி பொதுப் பெயர், பின்பாதி பங்காளிகளில் ஒருவர் பெயர். பியோத்ர் பங்கு, ஸ்தாஹ் பங்கு என்று நிலம் பிரிந்த கதை ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

இப்படி ஊர்ப் பெயர் பிரிந்து கிடந்தால் அது சிறு பிரபுக்களின் நாடு என்று அறியலாம். மசோவியாவில் இவர்களின் விகிதம் போலந்தின் மற்ற பகுதிகளை விட வெகு அதிகம். கையகல நிலத்தைத் தாங்களே உழுதுகொண்டு, பிரபு உரிமையை மட்டும் விடாமல் வைத்திருந்தவர்கள். ஸ்க்வொடியில் நிலம் வைத்திருந்தவர் ஸ்க்வொடோவ்ஸ்கி. அவருடைய தம்பி பெண்ணெடுத்த ஊரில் நிலம் பெற்று அங்கே குடியேறினால், பெயர்கள் நிலைபெறாத 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அவர் அந்த ஊர்ப் பெயரையே தாங்கியிருப்பார். எனவே உடன்பிறந்தவர்களுக்கு வேறு வேறு குடும்பப்பெயர் இருக்கலாம். இரத்த உறவே இல்லாத இரண்டு ஸ்க்வொடி நிலக்காரர்களுக்கு ஒரே குடும்பப்பெயரும் இருக்கலாம். பிறகு அந்த ஊரை விட்டு வெளியேறிய குடியானவருக்கும் ஊர்ப் பெயரே ஒட்டியிருக்கலாம். ஒரு பெயர் என்றால் ஒரு மூதாதை என்று எடுத்துக்கொண்டால் மரம் முதல் கிளையிலேயே தவறிவிடும்.

குலச்சின்னமும் காப்பாற்றாது. மேரி கியூரியின் குடும்பத்துச் சின்னம் தொவெங்கா. ஆனால் போலந்தில் ஒரு சின்னத்தை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. சின்னம் ஒன்று என்பது உறவுக்குச் சான்றாகாது.

பதிவேடுகள்

கையெழுத்துப் பதிவுக்குப் போகும் முன் கெனெடெகாவில் தேடுவது வழக்கம். போலந்து மரபுவழிச் சங்கம் நடத்தும் இலவச அட்டவணை அது. பிறப்பு, திருமணம், இறப்பு என மூன்று பிரிவு. மாகாணம் வாரியாகத் தேட வேண்டும். நம் பெயருக்கு மசோவியா, பொத்லாசியா, தனியாக உள்ள வார்சா ஆகிய மூன்றிலும் தேடினால்தான் முழுமை. பங்கின் பெயர் பட்டியலில் இருக்கிறதா, எந்த ஆண்டு வரை அட்டவணையாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பூஜ்யம் வந்தால் அந்தப் பெயர் அங்கே இல்லை என்று பொருளல்ல. அந்த ஆண்டுகளை இன்னும் யாரும் தட்டச்சு செய்யவில்லை என்பதாகவே இருக்கக்கூடும். எண்ணி ஒப்பிடும்போதும், ஒரு பங்கில் அட்டவணையான மொத்தப் பிறப்புகளில் இந்தப் பெயர் எத்தனை என்ற விகிதத்தையே எடுக்க வேண்டும்.

பதிவின் மொழி காலத்துக்குக் காலம் மாறும். 1808க்கு முன் லத்தீன். நெப்போலியன் சட்டம் வந்த பின், 1808 முதல், போலிஷ். 1868இலிருந்து முதல் உலகப்போர் வரை ரஷ்யன். அன்று போலந்தை ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா மூன்றும் பிரித்து ஆண்டன; இதெல்லாம் வார்சாவைச் சுற்றிய ரஷ்யப் பகுதிக்கு மட்டும். ஆஸ்திரியா ஆண்ட கலீசியாவில் லத்தீன் கட்டங்கள் தொடர்ந்தன, பிரஷ்யப் பகுதியில் 1874 முதல் தனிச் சிவில் பதிவு. மேரி கியூரி பிறந்தது 1867 நவம்பர் 7. உடன்பிறந்த நால்வரும் அவருக்கு மூத்தவர்கள். ஆகவே ஐந்து பேரின் பிறப்பும் போலிஷ் காலத்தில் விழுகிறது. அதே தலைமுறையில் வார்சாவில் நடந்த திருமணங்களைத் தேடினால் ரஷ்ய எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யப் பதிவுகளில் தேதி இரண்டாக இருக்கும்: முதலில் ஜூலியன், பிறகு கிரிகோரியன். 19ஆம் நூற்றாண்டில் இடைவெளி 12 நாள், 1900 மார்ச் முதல் 13. இரண்டாவது தேதியையே குறித்துக்கொள்ளுங்கள். ரஷ்யனில் குறுக்குக்கோடு எல்லும் சாதாரண எல்லும் ஒரே எழுத்தாகிவிடும் என்பதால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போலிஷில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள்.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது வேற்றுமை உருபில். போலிஷில் பெயரும் உருபு ஏற்கும். 'ஸ்க்வொடோவ்ஸ்கியெகோ' என்றால் ஸ்க்வொடோவ்ஸ்கியின். 'ஸ்க்வொடோவ்ஸ்கிஹ்' என்று ஒரு பெண்ணின் பெயருக்குப் பின் வந்தால் அவள் பிறந்த வீடு ஸ்க்வொடோவ்ஸ்கி. மேரி கியூரியின் தாய்வீடு பொகுஸ்கி, பதிவு மொழியில் அது 'பொகுஸ்கிஹ்' என்றாகும். இதைத் தனிப் பெயராகத் தாளில் ஏற்றினால் இல்லாத ஒரு குடும்பம் உருவாகிவிடும். கையெழுத்தில் ஓகாரமும் ஆகாரமும் மயங்கும் என்பதால் 'ஸ்க்வாடோவ்ஸ்கி' என்று அட்டவணையானவற்றையும் மூலப் படத்தோடு ஒப்பிட வேண்டும்.

பங்கு நூல் எரிந்துபோயிருந்தால் மனம் தளர வேண்டாம். ஆண்டுதோறும் இன்னொரு பிரதி நீதிமன்றத்துக்குப் போனது. மாநில ஆவணக் காப்பகங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பிரதிகள்தான். பிறப்புப் பதிவு 100 ஆண்டு, திருமணமும் இறப்பும் 80 ஆண்டு கழித்தே காப்பகத்துக்கு வரும். அதற்குள் உள்ளவற்றுக்கு சிவில் பதிவு அலுவலகத்தில் உறவை நிரூபித்துக் கேட்க வேண்டும்.

புகழ் தரும் தொல்லை

இந்தப் பெயருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எண்மிய நூலகங்களில் தேடினால் மேரி கியூரி பெயரிட்ட தெருக்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் ஆயிரக்கணக்கில் கொட்டும். 1944இல் லுப்லினில் தொடங்கிய பல்கலைக்கழகமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய பாட்டனார் யூசெஃப் ஸ்க்வொடோவ்ஸ்கி லுப்லினில் ஆசிரியராக இருந்தவர் என்பதால் அந்த நகரத்தின் பெயரைச் சேர்த்துத் தேடினாலும் பயனில்லை. வழி இதுதான்: தேடலின் மேல் எல்லையை 1897இல் நிறுத்திவிடுங்கள், பொலோனியமும் ரேடியமும் வந்தது 1898இல். ஆண் வடிவத்தையும் அதன் உருபேற்ற வடிவத்தையும் மட்டும் போடுங்கள். அப்போது வருவது பெரும்பாலும் உண்மையான குடும்பங்கள்.

அந்தக் குடும்பத்தையே பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தந்தை வுவாதிஸ்வாவ் 1832இல் பிறந்தது கியெல்ட்ஸேயில், மகள் வார்சாவில். ஆசிரியர் வேலை ஊர் ஊராக இழுத்துச் சென்ற குடும்பம். நகரத்தில் பிறந்த ஸ்க்வொடோவ்ஸ்கியைப் பின்னோக்கிப் பிடித்தால் இரண்டு தலைமுறைக்கு மூலக் கிராமம் கண்ணிலேயே படாது. கிராமத்திலிருந்து முன்னோக்கி வருவதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

கடல் கடந்தவர்கள்

அமெரிக்காவில் குறுக்குக்கோடு விழுந்துவிடும், பெண்களும் 'ஸ்கி' என்றே எழுதுவார்கள். அங்கே இரு வடிவங்களைக் கூட்டும் வேலை இல்லை. நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றினார்கள் என்பது தவறு. பயணிகள் பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவன எழுத்தர்கள் எழுதியது. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை கிடைக்கின்றன, பிரேமன் பட்டியல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. லித்துவேனியாவில் இதே பெயர் ஆணுக்கு 'ஸ்கிஸ்', மனைவிக்கு 'ஸ்கியெனே', மகளுக்கு 'ஸ்காய்தே' என்று மூன்றாகப் பிரியும். மூன்றையும் சேர்த்து எண்ணாவிட்டால் கணக்கு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும்.

இப்போது கையில் இருப்பது, பிரபு உரிமையைச் சரிபார்த்த அலுவலகமான ஹெரோல்டியாவின் ஆவணங்கள். 1836 சட்டத்தின்படி பிரபு உரிமை கோரியவர்கள் தலைமுறைச் சான்று தர வேண்டியிருந்தது. அந்த மனுக்களில் தந்தை, பாட்டன், நிலம் இருந்த ஊர் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றில் ஸ்க்வொடியின் எந்தப் பிரிவு என்று குறித்திருப்பவற்றை முதலில் எடுத்து, பியோத்ரோவிட்ஸே, ஸ்தாஹி என்று தனித்தனி நெடுவரிசையில் ஏற்றும் வேலை நடக்கிறது. மனு போடாதவர்கள் இருந்திருப்பார்கள், கட்டணமும் அலைச்சலும் ஏழைப் பிரபுக்களுக்குப் பெரிய சுமை. அவர்களுக்குத் தேவாலயப் பங்குப் பதிவில் 'பங்கு நிலத்துக்கு வாரிசு' என்று வரும் குறிப்பே ஆதாரம்.