ராம்நாட்டில் இறங்காமல் போகிறவர்களுக்கு

நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ராமேஸ்வரம் போகிறவர்கள் ராமநாதபுரத்தில் டீ குடிக்கக்கூட இறங்குவதில்லை. கேட்டால் "அது கலவர ஊருப்பா" என்பார்கள். நான் அம்மாவோடு போகிறேன் என்றதும் அத்தை போனிலேயே அழாத குறை. "பொம்பளையக் கூட்டிக்கிட்டு அங்க எதுக்குடா இறங்கணும்? நேரா ராமேஸ்வரம் போயி தீர்த்தம் ஆடிட்டு வாங்க."

அத்தை பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த நாட்களை ஒட்டி மாவட்டம் முழுக்கப் போலீஸ் நிற்கும், வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வரும். அப்போது போகாதீர்கள், நானும் போகமாட்டேன். அதற்காக வருஷம் முழுக்க ஒரு ஊரை ஒதுக்கிவைப்பது அநியாயம்.

மாட்டுத்தாவணியில் ஏறிய பஸ்ஸில் எங்கள் ஜன்னல் கண்ணாடி இறங்கவே இல்லை, சீட்டும் வெயில் பக்கம். பரமக்குடி வருவதற்குள் அம்மாவின் முந்தானை நனைந்துவிட்டது. ஆனால் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசத்துக்குள் கால் வைத்ததும் அந்தக் கஷ்டமெல்லாம் போச்சு. கிழவன் சேதுபதி கட்டிய அரண்மனை. சுவர், தூண், வளைவு, மேற்கூரை என்று கண் படும் இடமெல்லாம் சிவப்பும் காவியுமாக ஓவியம். ஒரு பக்கம் ராமாயணம், இன்னொரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு சண்டை. தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இதே கட்டடத்தில்தான். நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் எங்களைத் தவிர மூன்று பேர் வந்தார்கள். மூன்றே பேர்! வயிறு எரிந்தது.

அடுத்துப் போக நினைத்த உத்திரகோசமங்கைக் கோயில் மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதால் கீழக்கரைக்கு டவுன் பஸ் பிடித்தோம். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தச் சீதக்காதியின் ஊர். கல்லால் கட்டிய ஜும்மா பள்ளிவாசலுக்குள் நான் மட்டும் போனேன். தூண்களைப் பார்த்தால் நம்மூர்க் கோயில் மண்டபத்துத் தூண்கள் மாதிரியே இருக்கின்றன. ஒரே கல்தச்சர்களின் கைவேலை என்றுதான் எனக்குப் பட்டது. ஒரு பெரியவர் தானாகவே வந்து, "கைய வச்சுப் பாருங்க தம்பி, வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்" என்றார். இருந்தது.

வெளியே வந்தால் அம்மாவைக் காணோம். பதறிவிட்டேன். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு லாத்தாவிடம், அதாவது முஸ்லிம் அக்காவிடம், தொதல் என்ற இனிப்பை எப்படிக் கிண்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. கை ஓயாமல் கிண்டி, எண்ணெய் பிரிந்து வரும்வரை விடக்கூடாதாம். எங்களுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. முதலில் கருப்பட்டியின் புகை வாசம், அப்புறம்தான் இனிப்பு. காசு நீட்டினால் வாங்கவே இல்லை. கடைத்தெருவில் அரை கிலோ வாங்கி வந்தேன். நல்ல தொதல்தான், ஆனால் அந்தத் திண்ணைத் தொதலுக்குப் பக்கத்தில் நிற்காது.

இனி கோபக் கதை. நாலரை மணிக்கு ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் உத்திரகோசமங்கைக்கு ஆட்டோ கேட்டேன். 20 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்குப் போக வர 1,200 ரூபாய் என்றார். ஜாஸ்தி என்றதற்கு, "பொழுது சாஞ்சா அந்த ரோட்டுல பஸ்ஸே வராதுண்ணே. அம்மா வேற இருக்காங்க. ஏதாவது ஆச்சுன்னா?" அத்தை சொன்னது காதில் ஒலித்தது. சரி என்றுவிட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து 3,000 ரூபாயில் முடிக்க நினைத்த பயணம் இது.

கோயில் என்னவோ அத்தனைக்கும் தகும். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள், அவ்வளவு பழசு. மரகத நடராஜரைச் சந்தனக்காப்போடுதான் பார்த்தோம். மார்கழித் திருவாதிரைக்கு வருஷத்தில் ஒருமுறைதான் காப்பைக் களைவார்கள். சந்தனத்துக்கு அடியில் தூக்கிய காலின் வளைவு மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. "உத்தரகோசமங்கைக்கு அரசே" என்று மாணிக்கவாசகர் கெஞ்சிப் பாடிய இடம். அம்மா திருவாசகத்தில் தெரிந்த நாலு வரியை முணுமுணுத்துக்கொண்டே நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. ஆட்டோ கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், எதிரே ஒரு டவுன் பஸ் வந்தது. படிக்கட்டு வரைக்கும் கூட்டம். டியூஷன் முடிந்த பிள்ளைகள், பூக்கூடை வைத்த பாட்டிகள், மடியில் குழந்தையோடு அம்மாக்கள். "இந்த ரோட்டுல பஸ் வராதுன்னீங்களே?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மீட்டர் வைத்து ஏமாற்றுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சொந்த ஊரையே பூச்சாண்டியாகக் காட்டிக் காசு பறிப்பதை எப்படிப் பொறுப்பது?

ராத்திரி அத்தை போன் செய்தார். அம்மாதான் பேசினார். "மார்கழித் திருவாதிரைக்கு நீயும் வா. கீழக்கரையில ஒரு வீடு இருக்கு, அங்கயும் போகணும்."