மஞ்சளா, பிங்கா?

"கார்டு மஞ்ஞயோ, பிங்கோ?" என்று கேட்டார், அம்மாவின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டுப் போன டிரஸ்ட் ஆபீஸில் இருந்தவர். எங்கள் தமிழ்நாட்டு ரேஷன் ஸ்மார்ட் கார்டை நீட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். கேரளத்தில் ரேஷன் கார்டு நிறத்திலேயே தெரிந்துவிடும், மஞ்சளும் பிங்கும் ஏழைகளுக்கு. நம் கார்டில் அந்த ஏற்பாடு கிடையாது. ஓரத்தில் என்.பி.எச்.எச். என்று இருந்ததைக் கண்டுபிடித்து, "முன்னுரிமை இல்லாத கார்டல்லே மோளே?" என்று திருப்பித் தந்துவிட்டார். தமிழ்நாட்டில் அந்தக் கார்டுக்கும் இலவச அரிசி உண்டு என்று நான் சொன்னது அவருக்கு ஏதோ சமாளிப்பு மாதிரிப் பட்டிருக்கும்.

அம்மாவுக்கு மார்பில் கட்டி. முப்பது வருடம் அண்டியாபீஸில் முந்திரி உடைத்தவள். மார்த்தாண்டத்துக்காரர்களுக்குப் பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம்தான். 1956 வரை எங்களுக்கு அதுதானே தலைநகரம், எல்லை மாறினாலும் பஸ் மாறவில்லை. ஆனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நாங்கள் போன தனியார் ஆஸ்பத்திரியில் செல்லாது என்றார்கள். கேரளத்தின் காருண்யா திட்டம் அந்த ஊர்க்காரர்களுக்கு. இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் நின்றோம். அட்டை எங்கள் மாவட்டத்து ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும். பயத்தில் யாருக்கு அந்த யோசனை வரும்?

எஸ்டிமேட் 1,80,000 ரூபாய். வளையலையும் செயினையும் அடகு வைத்து 60,000 கட்டிய பிறகுதான் டிரஸ்டுகளைத் தேடிப் போனேன். அது தப்பு. கட்டிவிட்ட பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். பாக்கித் தொகைக்குத்தான் உதவி, அதுவும் ஆஸ்பத்திரி பெயருக்கு செக்காக. நம் கையில் ஒரு ரூபாய்கூட வராது. முதலில் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்புறம், பணம் கையில் கிடைத்தால் கரைத்துவிடும் எங்கள் சித்தப்பா போன்றவர்களை நினைத்ததும் அதுவே சரி என்று பட்டது.

வழி காட்டியது ஆஸ்பத்திரியில் இருந்த சோஷியல் வொர்க்கர் சேச்சிதான். பில் கவுண்டரில் நாலு நாள் அழுதபோது அப்படி ஒருவர் மாடியில் உட்கார்ந்திருப்பதை யாரும் சொல்லவில்லை. கார்டை விட்டுவிட்டு வருமானச் சான்றிதழ் எடுத்து வரச் சொன்னார். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து ஓட்டுக் கூரையைப் பார்த்துவிட்டுப் போனார். சான்றிதழ் வருவதற்குள் எஸ்டிமேட் பழசாகிவிட்டது, டாக்டர் கையெழுத்தும் சீலுமாகப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. டிரஸ்ட் கமிட்டி மாதம் ஒருமுறைதான் கூடும். ஆபரேஷன் அதுவரை காத்திருக்குமா? சேச்சி போனில் பேசி, உறுதிக் கடிதம் மட்டும் முன்கூட்டியே வாங்கித் தந்தார்.

ஒரு டிரஸ்ட் 25,000, இன்னொன்று 15,000. ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் மறைக்கவில்லை, அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளி நிதியில் 20,000 கழித்தார்கள். எங்கள் சபையில் காணிக்கை எடுத்து 22,000 தந்தார்கள், சான்றிதழ் எதுவும் கேட்காமல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் அம்மா பெயரை வாசித்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மீதி 38,000 மகளிர் குழுக் கடன்.

ரேடியேஷனுக்கு மெடிக்கல் காலேஜ் வளாகத்துக்குப் போன நாட்களில் மதியச் சாப்பாட்டுச் செலவே இல்லை. மார்க்சிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான டி.ஒய்.எஃப்.ஐ. பிள்ளைகள் வீடு வீடாகச் சேகரித்து வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு கொடுப்பார்கள். எந்த ஊர், என்ன கார்டு என்ற கேள்வியே கிடையாது, வரிசையில் நின்றால் போதும். யார் வீட்டுச் சோறோ, ஒரு நாள் முட்டை இருக்கும், ஒரு நாள் வெறும் சம்மந்தித் துவையல். அம்மா பிரித்துப் பார்த்து, "இது உப்பு கூட்டிப் போடுற வீடு" என்பாள்.

இப்போது மாத்திரையும் ஆறு மாதத்துக்கு ஒரு செக்கப்பும்தான். அடுத்த செக்கப்பில் ஸ்கேன் உண்டாம். போன வாரமே வருமானச் சான்றிதழுக்கு மறுபடி விண்ணப்பித்துவிட்டேன். இந்த முறை வி.ஏ.ஓ. புதியவர், இன்னும் வந்து பார்க்கவில்லை.